எந்தக் காசைச் சேர்ப்பது?

“தொடாதீங்க பாய்! கை ஈரம் பட்டா வெள்ளி கறுத்துடும்” என்று அதட்டினார் கோபால் சார்.

ஃபுர்கான் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். சுவர் அலமாரியில் ஒன்பது ஆல்பங்கள் விறைப்பாக நின்றன. கறுப்பு அட்டை, முதுகில் தங்க எழுத்து: ‘கப்பல்கள்’, ‘பறவைகள்’, ‘துளைக் காசுகள்’, ‘மறைந்த நாடுகள்’. உலகமே அந்த ஒரு பலகையில் அடங்கிவிட்டதுபோல் அவனுக்குத் தோன்றியது.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வந்து, அங்கே ஒன்றரை மணி நேரம் பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்து, மலைமேல் காவலூருக்கு ஏறி வந்திருந்தான். எல்லாம் கோபால் சாரை ஒரு தடவை நேரில் பார்த்துவிடத்தான். தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலக நாணயம் சேர்க்கும் எழுநூறு பேருக்கு வாட்ஸ்அப்பில் அவர்தான் குரு. எந்தக் காசைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று அவர் காலையில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால், சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் பெட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள்.

அந்தப் பாதியில் முதல் ஆள் ஃபுர்கான். தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். சரக்கு பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் பையில் மிஞ்சிய சில்லறையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படிச் சேர்ந்தது நானூறு காசு.

“நாடு நாடாச் சேக்கறது சின்னப் பசங்க வேலை. மிருகம் போட்டத மட்டும் வைங்க” என்று கோபால் சார் சொன்ன வாரமே, மற்றதையெல்லாம் பழைய பித்தளைக் கடையில் எடைக்குப் போட்டான். அவன் அப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஒரு காசும் அதோடு போயிற்று. அதில் இருந்தது ராஜா தலை. ராஜா மிருகம் இல்லையே! மனைவி கௌசர் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அடுத்த வருடம், “மிருகமும் வேணாம், பறவை மட்டும் போதும்” என்றார் கோபால் சார். யானையும் கங்காருவும் அதே தராசில் ஏறின. மிஞ்சியது பதினொன்று.

இப்போது அந்தப் பதினொன்றையும் கைக்குட்டையில் பரப்பி வைத்துவிட்டு, பரீட்சை பேப்பர் கொடுத்த பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

கோபால் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். “இது இன்னாது?”

“கிவி சார். நியூசிலாந்து.”

“பறவையா? பறவையெல்லாம் முடிஞ்சிபோச்சு பாய். போன மாசமே நான் அதுலருந்து வெளிய வந்துட்டேன்.”

“நீங்கதானே சார் சொன்னீங்க...”

“அது அன்னிக்குச் சொன்னது. இது பொழுதுபோக்கு இல்ல பாய், தவம். நின்ன எடத்துலயே நிக்கக் கூடாது.”

கோபாலின் மனைவி ரஞ்சிதம் காபியோடு வந்தாள். தம்ளர்களை வைத்த கையோடு, ஒன்பது ஆல்பங்களையும் ஒரே கையால் வாரி எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்ற கையால் பலகையைத் துடைத்தாள். உதவிக்கு ஃபுர்கான் எழுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மலைத் தண்ணீர் குடித்த உடம்பு என்று நினைத்துக்கொண்டான்.

“அப்போ இனிமே இன்னா சார் சேக்கறது?”

கோபால் கண்ணை மூடிக்கொண்டார். காபி ஆறும் வரைக்கும் திறக்கவில்லை.

“வடிவம்” என்றார் கடைசியில். “வட்டமா இருக்கறத எவன் வேணா சேப்பான். சதுரம் பாய், சதுரம்! பழைய மலேயா ஒரு சென்ட் இருக்குது பாருங்க, ராஜா தலை போட்டது. அது கெடைச்சா உயிரக் குடுத்தாவது வாங்கிடணும்.”

ஃபுர்கான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“எங்க அத்தா கொண்டாந்தது ஒண்ணு இருந்துது சார். அதே சதுரம், அதே ராஜா. மிருகம்னு நீங்க சொன்னப்போ எடைக்குப் போட்டுட்டேன்.”

“த்சொ... த்சொ...” கோபால் உச்சுக்கொட்டினார். “அவசரப்பட்டுட்டீங்களே! பொறுமை வேணும் பாய். என்னப் பாருங்க, ஒரு காசு உள்ள வர்றதுக்கு முன்னால ஆயிரம் தடவ யோசிப்பேன்.”

கோபம் வந்தது. வந்த வேகத்தில் அது தன் மேலேயே திரும்பியது. ஒன்பது ஆல்பம் வைத்திருக்கிற மனுஷனிடம் போய் என்ன பேசுவது? மூன்று மணி பஸ்ஸை விட்டால் இருட்டித்தான் வீடு போக முடியும். கௌசரிடம் என்ன சொல்வதென்று வழியில் யோசித்துக்கொள்ளலாம்.

காசுகளைக் கைக்குட்டையில் முடிந்தான். பெரிய மனுஷர் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தது அப்போதுதான் உறைத்தது. கிவியை மட்டும் எடுத்து மேஜை மேல் வைத்தான்.

“ஏழை குடுத்ததுன்னு இது ஒரு ஓரமா இருக்கட்டும் சார்.”

“பறவையாச்சே...” என்று முகத்தைச் சுளித்த கோபால், பிறகு மனம் இரங்கினார். “சரி, ஆசையாக் குடுக்கறீங்க. வெச்சிட்டுப் போங்க.”

ஃபுர்கான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, குனிந்து செருப்பு வாரை மாட்டினான். உள்ளே ரஞ்சிதத்தின் குரல் கணீரென்று கேட்டது.

“ஏங்க, பன்னெண்டு வருசமா யோசிச்சதுக்கு இன்னிக்குத்தாங்க நம்ம வூட்டுக்கு மொத காசு வந்துருக்குது!”