போன் அணைந்திருக்க வேண்டும்

தவமலர் அடுப்பை மூன்றாம் தடவையாகத் துடைத்தாள். காலையில் பனிமலை ஏறக் கிளம்பிய மகள் ஆரணி, நெஞ்சில் கட்டியிருந்த சிறு கருவியைத் தட்டிக் காட்டியிருந்தாள். "எனக்கு மேல பனி சரிஞ்சால் இதின்ர சிக்னலைப் பிடிச்சுத்தான் தோண்டி எடுப்பினம். பக்கத்தில போன் வேலை செய்தால் அது குழம்பும். போனை நிப்பாட்டித்தான் வைப்பன். கோல் பண்ணாதேங்கோ அம்மா."

"மூண்டு மணிக்கு இறங்கிடுவியே பிள்ளை?"

"ஓம், இறங்கினதும் நானே பண்ணுவன்."

கார்த்திகையின் புதுப்பனி அடியில் கிடக்கும் பழைய பனியோடு இன்னும் ஒட்டவில்லை, செங்குத்துச் சரிவுகளுக்குப் போகவேண்டாம் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. நேரம் பன்னிரண்டரை. மறந்திருப்பாளோ? தூங்கும்போதுகூடப் போனை நிறுத்தாமல் தலையணைக்கடியில் வைப்பவள். நிறுத்தியிருக்கிறாளா என்று மட்டும் பார்த்துவிடலாம். தொடர்பில் இல்லை என்று அந்தப் பெண்குரல் சொன்னதும் வைத்துவிடலாம். தவமலர் எண்ணை அழுத்தினாள். மகளின் போன் அடிக்கக்கூடாது என்று வாழ்நாளில் முதன்முறையாக வேண்டிக்கொண்டாள்.

அடித்தது.

உடனே வைத்துவிடத்தான் வேண்டும். வைத்துவிட்டால், அவள் எடுத்திருப்பாளா என்பது தெரியாமலே போய்விடும். விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நான்காவது முறையும் அடித்தது.