சுளுக்கிய கால்

பனிமலை ஒன்றில் முறுக்கன் என்ற ஆட்டுக்கடாவும் அவன் மனைவி சாம்பியும் மந்தையோடு வாழ்ந்தார்கள். மலையின் மறுபக்கத்தில் பசும்புல் தலைகாட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டதும், "இன்னிக்கே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சாம்பியிடம் மந்தை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினான் முறுக்கன்.

பாதி வழியில் இருவரும் நின்றார்கள். நேற்றுவரை வழவழவென்று கிடந்த சரிவு, உழுத வயலைப் போலக் கிளறிக் கிடந்தது. வேரோடு சாய்ந்த தேவதாரு மரங்களில் இலைகள் இன்னும் வாடவில்லை. பனி சரிந்து அதிக நேரம் ஆகியிருக்காது. அவர்கள் தாண்ட வேண்டிய இடத்துக்கு மேலே மிச்சப் பனி வெடிப்பு விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

முறுக்கன் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினான். ஆனால் அத்தனை பேருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வந்த வாய், திரும்பலாம் என்று எப்படிச் சொல்லும்?

சாம்பி அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, எனக்குக் கால் சுளுக்கிக்கிச்சு. இன்னொரு நாள் போகலாமா?" என்றாள்.

"அப்படியா? சரி, மெதுவா வா" என்று அவன் உடனே திரும்பினான். வழியெல்லாம் அவள் நொண்டினாள். கொஞ்ச தூரம் இடது காலில், கொஞ்ச தூரம் வலது காலில். அவன் அதைக் கவனித்தான்.

அவள் நொண்டி வருவதைப் பார்த்து மந்தையிலிருந்த இன்னொரு கடா சிரித்தான். "பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போனா பாதி வழிதான்."

சாம்பி தலையைக் குனிந்துகொண்டாள். முறுக்கன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"அவ காலுக்கு ஒண்ணுமில்ல. பயந்தது நான்தான்" என்றான்.