உறைக்குள் இறகு

ஆய்வுக் கட்டுரையில் பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

மற்றதெல்லாம் எழுதி முடித்துவிட்டாள். நீளம் ஒன்பது மில்லிமீட்டர். நிறம் கருநீலம். உணர்கொம்பில் பதினொரு கணு. உலகத்தில் இதுவரை யாரும் பதிவு செய்யாத வண்டு.

துறைத்தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார்.

"டைரக்டர் பேரை வெச்சிடும்மா. அடுத்த மாசம் உன் வேலை நீட்டிப்பு அவர் டேபிளுக்குத்தான் போகுது."

மிரட்டவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவள் இரண்டு வருடம் பொறி வைத்துப் பார்த்தாள். புதிதாக ஒன்றும் சிக்கவில்லை. கொழுந்து பறிக்கும் அமராவதிதான் ஒரு காலையில் இந்த வண்டை டிபன் மூடியில் கொண்டுவந்து நீட்டினாள். நகத்தால் அதன் முதுகு ஓட்டை மெல்ல நெம்பிக் காட்டினாள்.

"பாருங்கம்மா. கத்திக்கு உறை போடுற மாதிரி ரெக்கைக்கு உறை போட்டிருக்கு."

கேட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வண்டினம் முழுவதற்கும் அறிவியலில் கோலியாப்டெரா என்று பெயர். கோலியோஸ் என்றால் உறை. ப்டெரான் என்றால் இறகு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மொழியில் உண்டான சொல். அவள் அதைக் கல்லூரியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

அமராவதி பள்ளிக்கூடம் போனவளில்லை. வண்டைப் பார்த்தாள். சொன்னாள்.

இவள் விசைப்பலகையை அருகில் இழுத்தாள்.

அறிவியல் பெயராக ஆணின் பெயரை வைத்தால் கடைசியில் ஆங்கில எழுத்து 'ஐ' சேர்க்க வேண்டும். பெண்ணின் பெயரென்றால் 'ஏ', 'ஈ' என்று இரண்டு எழுத்து; சேர்த்து வாசித்தால் 'ஏ' என்று ஒலிக்கும். ஆய்வகத்துப் பெட்டிகளில் அவள் ஒட்டிய சீட்டுகளில் பெரும்பாலும் 'ஐ'தான்.

ஒரு பெயரைத் தட்டி, கடைசியில் அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்தாள்.

துறைத்தலைவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"யாரும்மா இது?"

"கண்டுபிடிச்சவங்க சார்."

அனுப்பினாள்.

அவர் எழுந்தார். பிறகு நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுப் போனார்.

கட்டுரை வெளிவந்தது.

நீட்டிப்பு வரவில்லை.

விடுதி அறையைக் காலி செய்த மறுநாள், இதழின் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு வால்பாறை பஸ் ஏறினாள்.

மழை விட்டிருந்தது. சரிவில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் பாதையில் நின்று ஒவ்வொருவரையும் எண் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு, கை ஓடட்டும். ஐம்பத்திரண்டு, வரிசையை விடாதே.

அமராவதி மேல் வரிசையில் முதுகு காட்டி நின்றிருந்தாள். இவள் வந்ததைக் கவனிக்கவில்லை.

கீழ் வரிசைப் பெண்கள் இவளைச் சூழ்ந்துகொண்டார்கள். வண்டின் படத்தைத் தடவிப் பார்த்தார்கள்.

"இதுக்கு என்னம்மா பேரு வெச்சீங்க?"

அவள் பக்கத்தைப் புரட்டினாள். பெயரின் கடைசிச் சொல்லை உரக்கப் படித்தாள்.

"அமராவதியே."

மேல் வரிசையில் ஒரு கை கொழுந்தின்மேல் நின்றது.

"யாரது," என்று அமராவதி திரும்பினாள், "பேரைச் சொல்லிக் கூப்பிடறது?"