இடது பக்கம் காலி

“தம்பி, இடது பக்கம் காலின்னு எழுதியிருக்கீங்களே, அது நிஜந்தானா?”

போனை எடுத்த டெரலுக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்த இடது பக்கம் சார்?”

“காலேஜ் ஃபுட்பால் வீடியோ கேம் விமர்சனம். பத்துக்கு ஏழு மார்க் போட்டிருக்கீங்க.”

“அது ஜூலைல எழுதினது. இப்ப நவம்பர். எங்கேர்ந்து பிடிச்சீங்க?”

“என் பொண்டாட்டி கிரேவிக் கிண்ணத்தை அந்தப் பேப்பர்லதான் சுத்தி வச்சிருந்தா. பிரிச்சுப் படிச்சேன்.”

தன் எழுத்துக்குக் கிடைத்த மரியாதையை எண்ணி டெரல் பெருமூச்சு விட்டான். உள்ளூர் பெல்ஃபோர்ட் உட்பட நிஜக் கல்லூரி அணிகளை வைத்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டும் ஓடும் அமெரிக்க ஃபுட்பால் கேம் அது. வருடா வருடம் அந்த கேம் வெளிவரும். வருடா வருடம் அவன் நாளிதழில் விமர்சனம் எழுதுவான். வருடா வருடம் டென்னஸி மாநிலத்தில் பாதிப் பேர் போன் போட்டுத் திட்டுவார்கள். இவர் திட்டவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

“கிண்ணத்தை எதுக்குச் சுத்தினாங்க?”

“மூட்டை கட்டறா தம்பி. நாலு வருஷமா பெல்ஃபோர்டுகிட்ட தோத்துக்கிட்டே இருக்கேன். இந்தச் சனிக்கிழமையும் தோத்தா வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான்.”

டெரல் சிரித்துவிட்டான். “கேம்ல யார்கிட்ட சார் தோக்கறீங்க, பேரன்கிட்டயா?”

“பேரன் வயசுதான். இருபது வயசுப் பசங்க. பெரியவன்னு ஒரு இரக்கம் கிடையாது.”

“நீங்க எந்த டீமை வச்சு ஆடறீங்க?”

மறுமுனை இருமியது. “ஆத்துக்கு அந்தப் பக்கம்.”

டெரல் நாற்காலியில் நிமிர்ந்தான். பெல்ஃபோர்ட் கல்லூரி இருக்கும் அந்த ஊரில், ஆற்றுக்கு அக்கரையிலிருந்த எதிரிக் கல்லூரியின் பெயரை யாரும் சொல்வதில்லை. அவன் அலுவலகத்தில் தப்பித்தவறிச் சொன்னவர் ஒரு வாரம் எல்லோருடைய காபிக் கோப்பையையும் கழுவ வேண்டும். டெரல் இன்னும் ஒரு படி மேலே. அந்தக் கல்லூரிக்காரர் யார் டிவியில் வாய் திறந்தாலும் சத்தத்தை அணைத்துவிடுவான்.

“பேரைச் சொல்லாததுக்கு நன்றி சார். ஆனா அந்த டீம் ஜெயிக்க நான் வழி சொல்ல மாட்டேன்.”

“விளையாட்டுதானே தம்பி!” பெரியவர் குரல் தாழ்ந்தது. “அவ எட்டு பெட்டி கட்டிட்டா. இப்ப கல்யாணத்துக்கு வந்த தட்டையெல்லாம் சுத்திக்கிட்டிருக்கா.”

டெரலுக்குத் தன் சமையலறை நினைவுக்கு வந்தது. இரண்டு வருடமாக அங்கே கழுவ ஒரு தட்டு, ஒரு கிண்ணம். மூட்டை கட்டுவதற்காவது இவர் வீட்டில் ஆள் இருக்கிறதே.

“எழுதிக்கங்க” என்றான். “நீங்க பந்தை உதைக்க நின்னா, பெல்ஃபோர்ட் பசங்க பதினொரு பேரும் தடுக்கிறேன்னு உங்க வலது பக்கமே பாய்வாங்க. இடது பக்கம் ஈ காக்கா இருக்காது. உதைக்கிற மாதிரி நின்னுட்டு, பந்தைத் தூக்கிக்கிட்டு இடது பக்கம் ஓடுங்க. அவ்வளவுதான்.”

பென்சில் கீறும் சத்தம் கேட்டது.

“இதை கேம் பண்ணினவங்க தப்புன்னு சொல்லி ஒரு மார்க் குறைச்சிருக்கீங்களே. மெஷின்தான் தப்பு பண்ணுதா, இல்ல நிஜப் பசங்களும் அப்படித்தானா?”

டெரல் அக்கம்பக்கம் பார்த்தான். பத்திரிகை ஆசிரியர் லூரீன் தூரத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

“நமக்குள்ள இருக்கட்டும் சார். பதினொரு வருஷமா ஒரே சீட்ல உட்கார்ந்து பாக்கறேன். நிஜப் பசங்களும் அப்படியேதான். கேம்காரங்க அச்சு அசலா காப்பி அடிச்சிருக்காங்க. அதைப் பேப்பர்ல எழுத முடியுமா? ஆத்துக்கு அந்தப் பக்கமும் நம்ம பேப்பர் போகுதே! அதான் தப்புன்னு எழுதி மூடிட்டேன்.”

மறுமுனையில் பென்சில் மறுபடியும் வேகமாகக் கீறியது.

“புத்திசாலி தம்பி நீங்க” என்றார் பெரியவர். “நான் ஜெயிச்சா என் பொண்டாட்டி கையால சர்க்கரைவள்ளிக்கிழங்கு ‘பை’ சுட்டு அனுப்பறேன். என் பேர் ஹூபர்ட்.”

சனிக்கிழமை மைதானத்தில் டெரல் தன் பழைய சீட்டில் இருந்தான். கடைசி நிமிடம். பெல்ஃபோர்ட் இரண்டு புள்ளி முன்னால். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தார் உதைக்க நின்றார்கள். பெல்ஃபோர்ட் பையன்கள் பதினொருவரும் ஒரே பக்கமாகப் பாய்ந்தார்கள். யாரும் பந்தை உதைக்கவில்லை. இடது பக்கம் ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடைக்குப் போய் வருபவன் போல நிதானமாக ஓடி எல்லையைத் தொட்டான்.

திங்கட்கிழமை அலுவலகம் எழவு வீடாக இருந்தது.

“அவனுங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” லூரீன் மேசையைக் குத்தினாள். “உன் விமர்சனத்தைப் படிச்சிருப்பானுங்களோ?”

“அதுல நான் கேமோட தப்புன்னுதானே மேடம் எழுதியிருக்கேன்!”

“ஆமா, பெரிய சாமர்த்தியம். அது கிடக்கட்டும், உனக்கு ஏதோ பார்சல் வந்திருக்கு.”

வாசனையே சொல்லிவிட்டது. டெரலின் முகம் மூன்று நாளில் முதல் முறையாக மலர்ந்தது. “பாவம், ஒரு பெரியவர். வீட்டை விட்டுத் துரத்தற நிலைமை. நான்தான் உதவி பண்ணினேன். ஜெயிச்சுட்டார் போலிருக்கு!”

“யாராவது ஒருத்தராவது ஜெயிச்சாங்களே” என்று லூரீன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். “அட, பிரமாதம்!” இரண்டாவது துண்டை எடுத்தபடியே பெட்டிக்குள் இருந்த அட்டையைப் பிரித்து உரக்கப் படித்தாள்.

“‘தம்பி, எட்டு பெட்டியும் பிரிச்சாச்சு. தட்டெல்லாம் பழையபடி அலமாரிக்குப் போயிடுச்சு. இந்த வீட்டுல இன்னும் அஞ்சு வருஷம் இருக்கச் சொல்லிட்டாங்க. அன்புடன், ஹூபர்ட் ஸ்டாக்டன், தலைமைப் பயிற்சியாளர்…’”

அதற்குக் கீழே அச்சிட்டிருந்த, அந்த அலுவலகத்தில் முப்பது வருடமாக அவள் ஒருமுறைகூடச் சொல்லாத அந்தப் பெயரையும், லூரீன் படித்த வேகத்தில் வாய் நிறையச் சொல்லிவிட்டாள்: “டன்மோர் கல்லூரி.”