பேச்சாளர் பட்டியல்

"சாப்பாடெல்லாம் கீழ்த்தளத்துல குடுங்கம்மா. இங்க மாணவர் சபை நடக்குது," என்றாள் சபையை நடத்திக்கொண்டிருந்த நெவேனா, பேச்சாளர் பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமலே.

வாசலில் நின்ற கிராமத்து அம்மாள், வெள்ளைத் துணி மூடிய கிண்ணத்தையும் ஒரு கரண்டியையும் மார்போடு அணைத்துக்கொண்டாள். மாணவர்கள் கல்லூரியைக் கைப்பற்றிய நாளிலிருந்து நீஷ் நகரமே அவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

"நூறு பேருக்கு ஒரே ஒரு கரண்டியாம்மா?" என்று ஸ்த்ராஹின்யா என்ற மாணவன் கிண்டலடிக்க, கடைசி வரிசை சிரித்தது.

நெவேனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போலீசுக்கு உளவு சொன்னான் என்று மூன்று வாரத்துக்கு முன் சபை சக மாணவன் வுகாஷினை வெளியேற்றியது. அன்று முதல் ஆளாகக் கைகளைக் குறுக்கே வைத்து எதிர்ப்புக் காட்டியவள் இவள்தான்.

அது அபாண்டம் என்று நேற்றுத்தான் தெரிந்தது. இன்றைக்கு எப்படியாவது அவனைத் திரும்பச் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவளால் தூங்க முடியாது.

அம்மாள் கையை உயர்த்தினாள். "கண்ணு, ஒரே ஒரு வார்த்தை..."

"பட்டியல்ல உங்க பேரு இல்லம்மா. உட்காருங்க."

தீர்மானத்தில் 'மன்னிப்பு' என்று எழுதுவதா, 'வருத்தம்' என்று எழுதுவதா? நாற்பது நிமிடம் அதிலேயே போனது. ஆளுக்கு இரண்டு நிமிடம், குறுக்கே பேசக் கூடாது, கைதட்டக் கூடாது.

"மன்னிப்புன்னு போட்டா சபையே தப்பு பண்ணுச்சுன்னு ஆயிடும்!" என்றான் ஸ்த்ராஹின்யா.

"பண்ணலையாடா பின்ன?" என்று சீறினாள் நெவேனா.

"சபையை நடத்துறவ கருத்துச் சொல்லக் கூடாது!" நாலு பக்கமிருந்தும் விதியை நீட்டினார்கள். நெவேனா பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

அம்மாள் மறுபடி எழுந்தாள். மறுபடி உட்கார வைத்தார்கள்.

ஒருவழியாக வாக்கெடுப்பு வந்தது. நூறு ஜோடிக் கைகள் உயர்ந்து சத்தமில்லாமல் ஆடின. அவர்கள் சம்மதம் சொல்வது அப்படித்தான். 'மன்னிப்பு' ஜெயித்தது, வுகாஷின் மறுபடி உறுப்பினன்.

"யாராவது அவனுக்கு உடனே போன் போடுங்கப்பா!" நெவேனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரித்தபடியே வாசல் பக்கம் திரும்பினாள். "இப்ப நீங்க சொல்லுங்கம்மா. ரெண்டு நிமிஷம்."

அம்மாளுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. துணியை விலக்கினாள். உள்ளே சர்க்கரை தூவிய அவித்த கோதுமை.

"படையல் கோதுமை, ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக்குங்க கண்ணுகளா, என் புள்ள வுகாஷின் செத்து இன்னியோட ஏழு நாள்."