அக்கினி அரியணை

"இனிமே யாருக்கும் குனிய மாட்டேன்!" என்று அரசவையில் நிமிர்ந்து நின்றவளைப் பார்த்ததும் அரசனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"எங்க வம்சத்து ரத்தம் இல்லாதவங்க இதுல உக்காந்தா அக்கினி தேவன் சாம்பலாக்கிடுவான். உக்கார வைங்க இவளை!" என்று அரியணையை விட்டு எழுந்தான்.

காவலர்கள் தொடுமுன் அவளே படியேறி, கால்மேல் கால் போட்டு அமர்ந்தாள். சபையே கண்ணை மூடிக்கொண்டது.

ஒரு பொறிகூடப் பறக்கவில்லை.

அரசன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். தாத்தா எங்கேயாவது ரகசியக் குடும்பம் வைத்திருந்தாரோ?

"நீங்க... எங்களுக்கு என்ன உறவு?"

"உறவா? இருபது வருஷமா இந்த அரியணையைத் துடைக்கிறவ நான். குனிஞ்சே கிடந்ததால என் மூஞ்சி உங்களுக்குத் தெரியல. மத்தியானச் சாப்பாடு தினமும் இதுல உக்காந்துதான்."

சபைப் பக்கம் திரும்பினாள்.

"சூடெல்லாம் ஒண்ணும் கிடையாது. ஒவ்வொருத்தரா வந்து உக்காந்து பாருங்க!"