ஒன்பது மணியில் பீன்ஸ்

"கண்ணு கட்ட அவுத்துவிடு கஸ்தூரி."

"அவுத்தா நான் உங்களோட வீட்டுக்கு வர்ற பேச்சே..."

"எல்லாரும் சிரிக்கிறாங்கடி!"

"சிரிக்கட்டும். சாப்பிடுங்க."

பார்வையிழந்தோர் பயிற்சி மையத்தில் அப்படியொரு வழக்கம். பயிற்சி முடித்த மனைவியை அழைத்துப்போக வருகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவேளை சாப்பிட்டுக் காட்ட வேண்டும். தட்டுதான் கடிகாரம். எது எங்கே இருக்கிறதென்று மனைவி மணியை வைத்துச் சொல்வாள்.

"ஆறு மணியில சோறு. மூணுல கூட்டு. ஒன்பதுல பீன்ஸ், உங்களுக்குப் பிடிக்குமே."

தணிகைவேல் ஒன்பதில் துழாவி, கை நிறைய அள்ளி வாயில் போட்டு மென்றான். அத்தனையும் பச்சைமிளகாய். கண்ணைக் கட்டியிருந்த துணி நனைந்தது.

"பாவி, பொய் சொல்லிட்டியே!"

"உங்க அக்கா பீன்ஸுன்னு சொல்லி என் தட்டுல மிளகா வச்சப்போ, நீங்க பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவன் கை கட்டை அவிழ்க்க மேலே போனது. பாதியில் நின்று, மறுபடி மேசைக்கே இறங்கி, தட்டைச் சுற்றித் தடவியது. டம்ளரைக் கஸ்தூரி தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எத்தனை மணியில இருக்கு, கஸ்தூரி?"